பூனை மேல் போட்ட பழி

இந்த வீட்டில் ஒரு மேதாவி இருக்கிறார். ஞாயிறன்று கம்ப்யூட்டரில் லினக்ஸை அப்டேட் செய்த கையோடு, பெட்டியைக் கழற்றித் தூசியும் தட்டினார். அன்றிலிருந்து திரை ஆமையாக நகர்ந்தது. அப்டேட் போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார், டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றி மாற்றிப் பார்த்தார், கடைசியில், "எல்லாம் உன் பூனை வால்பேப்பராலதான்!" என்று பெண்டாட்டி மேல் பாய்ந்தார்.

இன்று காலையில் பெண்டாட்டி பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். திரையை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டிய மானிட்டர் ஒயர் வேறு துளையில் இருந்தது. மாற்றிச் செருகினாள். திரை பறக்கிறது.

சாப்பாடு மேசையில். ரிப்பேர் பார்க்க நீங்க கூப்பிட்ட என் அண்ணன் சாயந்திரம் வர்றான்.

பி.கு.: பூனையை எடுத்துட்டேன். இப்போ திரை முழுக்க, ஞாயித்துக்கிழமை நீங்க தப்பான துளையில் ஒயரைச் செருகும்போது நான் எடுத்த போட்டோ. அண்ணன் வர்றதுக்குள்ள போன்ல ஒரு ஸாரி சொன்னா, புது பாஸ்வேர்டு சொல்றேன்.