நீலவால் அரசனும் எரியாத விளக்கும்

ஜூன் 3

என் அக்காள் பெற்ற அறிவுக்கடலே, அருமை மருமகளே,

யாருமே நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். சத்தியமாக நீயும் நம்பமாட்டாய். நான் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சாயப்பட்டறையில், நீ அமைத்த தொட்டியிலிருந்து கழிவுநீர் பளிங்காக வழிகிறது. மேகங்கள் வரிசையில் நின்று அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கின்றன. ஆனால் நேற்று மழையில் பட்டறை மதிலோரம் புரண்டு எழுந்த நம் வீட்டு நாய்க்கு வால் நீலமாகிவிட்டது. உடனே தெருநாய்கள் கூடி அதற்கு முடிசூட்டின. நான்தான் மந்திரி. சம்பளம் எலும்பு.

இப்படிக்கு,
அரசவையிலிருந்து உன் மாமன்

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

ஆய்வகத்தில் எல்லாரும் வாசித்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டியில் உள்ள உருண்டைகள் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே விளக்கொளி பட்டதும் அந்தச் சாயம் சிதைந்து, உருண்டை மறுபடி வேலைக்குத் தயாராகும். வெளியே கொட்ட எதுவும் மிஞ்சாது. பிறகு நீலம் எங்கிருந்து வரும்? எல்லாம் சரி என்று கையெழுத்திட்டவள் நான். அதை நம்பித்தான் வரும் வாரம் அதிகாரிகள் மற்ற பட்டறைகளுக்கும் இதே தொட்டியை அனுமதிக்கப்போகிறார்கள். விளையாட்டுக்கு ஒரு அளவில்லையா மாமா?

கோபத்துடன்,
மருமகள்

ஜூன் 13

கோபக்கார மருமகளுக்கு,

உன் கடிதச் சூட்டில் தபால்காரர் விரல் வெந்துவிட்டது. விளக்கு என்று நீ எழுதியதும்தான் எனக்கு உறைத்தது, தொட்டி மேல் அது எரிந்து நான் பார்த்ததே இல்லை. நேரே மேனேஜரிடம் போய், அது ஏன் எரியவில்லை என்று கேட்டேன்.

"தண்ணிதான் கண்ணாடி மாதிரி வருதே பெரியவரே, அப்புறம் விளக்கு எதுக்கு? மீன் உக்காந்து படிக்கவா?"

திறப்பு விழாவன்று எரிந்ததோடு சரியாம். வயிறுமுட்டச் சாயம் குடித்த உருண்டைகளை அள்ளி மதிலுக்கு இந்தப் பக்கம் கொட்டிவிட்டு, புதிதாகப் போடுகிறார்கள். மழை பெய்தால் அவை குடித்ததையெல்லாம் கக்குகின்றன. பக்கத்திலேயே உன் அத்தை தண்ணீர் இறைக்கிற கிணறு. பாவிகள், உன் படிப்பில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு உன் பெயரை முழுசாக விற்கிறார்கள். நான் திட்டிய திட்டில் பட்டறைப் புகைபோக்கியே கூனிவிட்டது. அந்த மேனேஜர் மட்டும் அசையவில்லை.

அனுமதி கொடுப்பதற்குள் உன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். யாராவது சிரித்தால், குடும்பத்தில் பொய் சொல்வது மாமன் வேலை, என் வேலை இல்லை என்று சொல்.

மேகம் தலை சீவியது பொய். முடிசூட்டு, மந்திரி, எலும்பு எல்லாம் பொய். வால் மட்டும் நிஜம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

உன் மாமன்