பையனைப் பற்றி அப்புறம்

அக்கா,

இன்று காலை மோட்டார் கொட்டகையைப் பெருக்கும்போது சுவரில் அந்த சைக்கிள் டியூப் துண்டைப் பார்த்தேன். இரண்டு ஆணி, அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கறுப்பு ரப்பர். ஓரத்தில் கொஞ்சம் வெடித்திருக்கிறது. மற்றபடி கெட்டியாகத்தான் இருக்கிறது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உர மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் நான் உட்கார்ந்த இடம் அது. எதிரே அந்த ரப்பருக்குள் செருகிய ஃபோனில் நீங்கள் இருப்பீர்கள்.

நம் முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? மறக்கிற கூத்தா அது! கள்ளக்குறிச்சியில் கதிருக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில், "பெத்தவங்க மனசு விட்டுப் பேசறதுக்கும் ஆள் இருக்காங்கம்மா, வீடியோவுலயே பேசலாம்" என்று உங்கள் நம்பரைக் கொடுத்தார்கள். கதிருக்கு அப்போது ஐந்து வயது. ஒரு வார்த்தை பேசமாட்டான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். அவன் கத்த ஆரம்பித்தால் தெருவே எட்டிப் பார்க்கும். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன வார்த்தையை எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லக்கூட வரவில்லை.

நைனார்பாளையத்தில் வீடியோ கால் என்றால் துபாயிலிருந்து மச்சான் பேசுகிற மாதிரிதான். என் மாமியார் நல்ல சேலை கட்டிக்கொண்டார். கதிருக்குப் புதுச்சட்டை. பக்கத்து வீட்டு அண்ணி முறுக்குத் தட்டோடு வந்து, அதை ஃபோனுக்கு முன்னால் வைத்தார். "இன்னா டாக்டரம்மா, சாப்டீங்களா? உங்க ஊர்ல மழ உண்டா?" என்று மாமியார் ஆரம்பிக்க, என் வீட்டுக்காரர், "நம்ம மாட்டக் காட்டு, மக்காச்சோளத்தக் காட்டு" என்று என்னைத் தோட்டம் வரைக்கும் நடக்கவைத்தார். நீங்கள் முகம் சுளிக்கவே இல்லை. மாட்டுக்கு என்ன பேர் என்றுகூடக் கேட்டீர்கள். நேரமெல்லாம் அதிலேயே போனது. கடைசியில் சொன்னீர்கள்:

"எல்லாரையும் பாத்துட்டேன். செல்வியை மட்டும்தான் பாக்கல."

ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அது வரைக்கும் அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

தனியாகப் பேச இடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஓர் அறையும் கூடமுமான வீட்டில் தனி இடத்துக்கு எங்கே போவது? மாமியாருக்கு வேறு கோபம். "வூட்டாளுக்குத் தெரியாம அப்பிடி இன்னா பேச்சு பேசப் போற?" என்றார். கிணற்றடியில் மோட்டார் கொட்டகைதான் கிடைத்தது. நான் ஃபோனைச் சாய்த்துப் பிடித்ததில், உங்களுக்கு என் நெற்றியும் கூரை ஓடும் மட்டுமே தெரிந்தன. அடுத்த வாரம் போனால் சுவரில் ஆணியும் டியூபும் இருந்தன. அடித்தது என் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே. அவர் அப்படித்தான். அதன் பிறகு நீங்களும், "இந்த வாரம் த்ரீ பேஸ் கரண்ட் எப்போ?" என்று கேட்டு, மோட்டார் ஓடாத நேரம் பார்த்தே கூப்பிட்டீர்கள். பட்டணத்தில் இருந்துகொண்டு எங்கள் ஊர்க் கரண்டைக் கணக்கு வைத்த ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. "பையனைப் பத்தி அப்புறம். முதல்ல உங்க கதை." எனக்கு எரிச்சலாக வந்தது. "எங்கதை இன்னா கீதுக்கா, புள்ளதான் எங்கதை" என்றேன். நீங்கள் விடாமல் காத்திருந்தீர்கள். சொல்ல ஒன்றும் கிடைக்காமல், குதிகால் வெடித்திருக்கிறது, நடந்தால் வலிக்கிறது என்றேன். எந்தக் கால், எப்போதிலிருந்து, செருப்பு போடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனீர்கள். என் காலைப் பற்றி ஒருவர் அத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அழுதுவிட்டேன். வெடிப்புக்காக அழுத பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பழக்கத்தில்தான் ஒரு நாள் அதையும் சொல்ல முடிந்தது. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு தின்றுகொண்டிருந்த காலம். "அக்கா, நேத்து கதிரத் தூக்கிக்கினு கெணத்த எட்டிப் பாத்துக்கினே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்." உங்கள் குரல் மாறவில்லை. இப்போதும் அப்படித் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டீர்கள். ஃபோனை வைக்கவிடவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னீர்கள். அவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். என்னையே சொல்லவைத்தீர்கள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே செல்வி" என்றார்.

"நீ எப்ப வூட்ல இருந்த, சொல்றதுக்கு?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு உங்களைப் பார்த்து, "எனுக்கும் தூக்கம் வரதில்லீங்க. அவகிட்ட சொன்னா பயந்துக்குவான்னு டிராக்டர எடுத்துக்கினு போயிருவேன்" என்றார். ஒரே கவலையை ஒரே பாயில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வைத்திருந்திருக்கிறோம். "உங்களுக்கப்புறம் யாருன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா இது ஒருத்தர் தனியா யோசிக்கிற கேள்வி இல்ல" என்றீர்கள். அன்றே என்னை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னீர்கள். போனோம். அந்த வாரமே கிணற்றுக்குக் கம்பி வலை போட்டார். சனிக்கிழமை என்றால் கதிரை டிராக்டரில் உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப் போவது அவர் வேலையாயிற்று. பேச்சு முடிகிற நேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மாமியாரும் மெல்ல இறங்கி வந்தார். "போ போ, உன் அக்காகாரி காத்துக்கினு கெடப்பா" என்று துரத்துவார்.

உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டீர்கள். அப்புறம் உங்களோடு வேலை பார்த்தவரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு சாவு என்றால் மாலை வாங்கிக்கொண்டு போவோம், வீட்டாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவோம். உங்களுக்கு நான் யார் வீட்டுக்குப் போவது? உங்களைத் தோளுக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. உயரமா குள்ளமா என்றுகூடத் தெரியாது. அந்தத் துக்கத்தை விசாரிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கல்வராயன் மலையில் ஒரு அம்மாவை எனக்குப் பழக்கம் செய்துவைத்தீர்களே, கதிர் வயதில் மகள் இருக்கிறாளே, அவள் இப்போது சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம், பாறை மேல் ஏறினால்தான் அவளுக்கு டவர் கிடைக்கும். எடுத்ததும் மகளைப் பற்றித்தான் கொட்டுவாள். "புள்ளயப் பத்தி அப்பறம். மொதல்ல நீ சொல்லு, இன்னா பண்ண இன்னிக்கி?" என்பேன். காற்று மட்டும் கேட்கும். நான் காத்திருப்பேன். உங்களிடம் கற்ற வித்தை அது ஒன்றுதான், கையைவிட்டுப் போகாமல் வைத்திருக்கிறேன்.

என் கதை ஆயிற்று அக்கா. சட்டப்படி நடந்துகொண்டேன். இப்போது பையனைப் பற்றிச் சொல்லலாம் இல்லையா?

கதிர் இன்னும் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமையானால், டிராக்டர் வந்து நின்றதும் நேரே கொட்டகைக்கு ஓடி வந்து அந்த ரப்பரைப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் நீங்கள் முடிக்கும்போது அவனுக்கு டாட்டா காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பீர்கள். அவன் ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பான். "பரவால்ல கதிர், அப்புறம் வாங்கிக்கறேன்" என்பீர்கள்.

போன வாரம் மலைக்காரி வைத்துவிட்டாள். ஃபோன் இருட்டாகிவிட்டது. எடுக்கக் கை நீட்டினேன், என் கையைத் தள்ளிவிட்டான். ரப்பரைப் பார்த்து நின்று, மெதுவாகக் கையைத் தூக்கினான். உள்ளங்கை அவன் பக்கமே திரும்பியிருந்தது, நீங்கள் காட்டும்போது அவனுக்குத் தெரிந்த மாதிரியே. விரல்களை மடக்கி மடக்கி விரித்தான்.

மலைக்காரிக்கு இல்லை, எனக்கும் இல்லை. உங்களுக்குத்தான். வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா.

செல்வி