எம்.பி. ஆவதற்கு முன்பே பொன்னாடை

மார்ச் 3, செவ்வாய்

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினராக விண்ணப்பிக்கலாமாம். தேர்தல் கிடையாது, யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டாம். மெல்பர்னில் இருபது வருடம் இருந்தும் சிங்கப்பூரின் சிவப்புப் பாஸ்போர்ட்டை நான் விடவில்லையே! ஆபீஸ் கூட்டத்தில் வாயைத் திறந்தாலே "அப்புறம் பேசலாம், மோகன்" என்கிறார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ஒரு தடவையாவது நான் பேசி முடிக்கிறவரை யாராவது கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மார்ச் 5

ஆறு சிங்கப்பூர் வாக்காளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த சிங்கப்பூர்க்காரர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியக் குடிமக்களாகிவிட்டார்கள். இங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவர் தேவராஜா யாழ்ப்பாணத்துக்காரர், ஊரெல்லாம் பழக்கம். யாராவது இருக்கிறார்களா என்று மட்டும்தான் அவரிடம் கேட்டேன்.

மார்ச் 6

வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்துவிட்டது. 'மாண்புமிகு மோகனதாஸ் எம்.பி. அவர்களுக்குப் பாராட்டு விழா.' 22ஆம் தேதி, மெல்பர்ன் புறநகர் கேரம் டவுன்ஸில் ஒரு மண்டபம். பதறிப்போய் போன் செய்தேன்.

"இன்னும் ஃபாரமே அனுப்பலீங்க!"

"ஓம், அதுக்கென்ன? ஹோல் புக் பண்ணியாச்சு. நீங்கள் ஆறுதலா, அவசரப்படாமல் அனுப்புங்கோ."

ஏற்புரை எழுத உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15

ஏற்புரை ஆறு பக்கம்.

மார்ச் 19

என் மனைவி விமலா ஃபாரத்தை எடுத்துப் படித்தாள். "என்னங்க, சிங்கப்பூர்ல குடியிருக்கணும்னு முதல் பக்கத்துலேயே போட்டிருக்கே. படிக்கலையா?"

நான் கையெழுத்துப் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தேன்.

தேவராஜாவிடம் சொன்னேன். "ஐயோ, நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. இனி நிப்பாட்டேலாது. நீங்கள் வந்து சும்மா இருங்கோ."

மார்ச் 22, ஞாயிறு

ஒன்பது பொன்னாடை. பதினோரு பேர் பேசினார்கள். ஒருவர் என்னை அமைச்சராகவே ஆக்கிவிட்டார். இன்னொருவர் மெல்பர்னிலிருந்து கிரெய்கிபர்னுக்கு ரயில் அதிகம் விடச் சொல்லி மனு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய? என் முறை வந்தபோது நான் எழுந்தும் விட்டேன். தேவராஜா மைக்கைப் பிடித்தார்: "நேரமின்மை காரணமாக ஏற்புரையைத் தவிர்க்கிறம். சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்கோ!"

அழுகை வந்துவிட்டது. பொன்னாடையில் துடைத்துக்கொண்டேன். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று படம் எடுத்தார்கள்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் விமலா காரை ஓட்டினாள். ஏற்புரையை மடியில் வைத்திருந்தேன்.

"எழுதினத வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். ஆறு பக்கமும். முடித்துவிட்டு நிமிர்ந்தால் வெளியே புல்வெளி, மாடுகள்.

"எங்கே போயிட்டிருக்கோம்?"

"நம்ம எக்ஸிட் எப்பவோ போயிடுச்சு. நீங்க பேசிட்டிருந்தீங்க, அதான் சொல்லல."