ஊசியோ, உழவோ?

மகள் கணினிக்கு முன்னால் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று வழிகாட்டும் செயலியாம். இரண்டு இரண்டாகக் காட்டி எது கூடுதலாகப் பிடிக்கும் என்று கேட்கிறது. அவள் தட்டத் தட்ட விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. "புதுசா வந்தது அம்மா" என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதைத்தானே, தோழி, சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில், முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்தபடி நீ எனக்குச் செய்தாய்!

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் படிப்புகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டியிருந்த நாட்கள் அவை. "மூச்சு விடமுதல் பதில் சொல்லோணும்" என்பாய்.

"புட்டோ, இடியப்பமோ?"

"புட்டு."

"ஊசியோ, உழவோ?"

"உழவு" என்றுவிட்டு நானே திடுக்கிட்டேன். நீ சைக்கிளை நிறுத்திக் கை தட்டினாய்.

அப்பாவுக்கோ மகள் டொக்டராக வேண்டும். வயலில் நின்று காய்ந்த மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது. நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். "மருத்துவத்தை முதலாவதாப் போடுறன். எப்பிடியும் வராது. அப்பாவுக்கும் சந்தோசம், எனக்கும் ரெண்டாவதாப் போட்ட விவசாயம் கிடைக்கும்."

நீ முறைத்தாய். "வராது எண்டு எழுதாதை. எங்கட மாவட்டத்துக்கு மருத்துவம் கிடைக்கிற வெட்டுப்புள்ளி எவ்வளவு இறங்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? மேல போட்டது கிடைச்சால் கீழ உள்ளதைப் பாக்கவே மாட்டினம். வந்தால் போவியோ? அதைச் சொல்லு."

நான் பேச்சை மாற்றினேன். அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து நீ அப்பாவைப் பிடித்தாய்.

"மாமா, மூச்சு விடமுதல் சொல்லுங்கோ. சோத்துக்கு மொட்டைக்கறுப்பனோ, சம்பாவோ?"

"மொட்டைக்கறுப்பன்."

"வெள்ளைக் கோட்டோட அழுகிற மகளோ, சேத்துக் காலோட சிரிக்கிற மகளோ?"

"சிரிக்கிற..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "பொல்லாத பெட்டையடி நீ" என்று அவரும் சிரித்தார். "சரி பிள்ளை, உன்ர விருப்பத்தை எழுது" என்றார் என்னிடம். முகம் மட்டும் முழுதாகத் தெளியவில்லை. நான் மருத்துவத்தைப் போடாமல் விவசாயத்தை முதலாவதாக எழுதினேன்.

மாதங்கள் கழித்து வெட்டுப்புள்ளிகள் பேப்பரில் வந்தன. நீ வேலிப் படலையில் நின்றே கத்தினாய்: "அடியே, போட்டிருந்தால் உனக்கு மருத்துவம் வந்திருக்கும்! தப்பியிட்டாய்!" கத்திய பிறகுதான் முற்றத்தில் அப்பா நிற்பதைக் கண்டு நாக்கைக் கடித்தாய்.

அவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். "நல்ல காலம் போடேல்லை" என்றார் கடைசியில். "வந்திருந்தால் என்ர முகத்துக்காகப் போயிருப்பாய்." நான் அழுதேன். நீயும் அழுதாய், சிரித்துக்கொண்டே.

இப்போதும் வயல்களில்தான் என் வேலை. போன மாரியில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பிடித்ததைப் பிடித்தது என்று சட்டென்று சொல்ல நீ தந்த பழக்கம் என்னிடம் இருக்கிறது. எனக்கு உன்னைப் பிடிக்கும். அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை.