படுதாவில் மிச்சமிருக்கும் ஒரு முழம்

சுருளிப்பட்டி
குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி

அன்புத் தம்பி பீட்டர்ராஜுக்கு, அக்கா லூர்து மேரி சொல்லச் சொல்ல மகள் ஜெசிந்தா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திராட்சையில் மழை விழுந்து பாதிக் குலை வெடித்துவிட்டது. கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று தாயிடம் அண்டவே மாட்டேன் என்கிறது, புட்டியில்தான் பால். எதையோ சொல்ல வந்து ஆட்டுக்குப் போய்விட்டேன்.

கூடலூரில் ஜீப் ஓட்டுகிற சுருளியாண்டி உன்னைக் குமுளிக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்தில் பார்த்தாராம். "மருந்தடிக்கிற வேலைல இருக்காக ஆத்தா. ஆளு பாதியாயிட்டாக. பூச்சிமருந்து டப்பாவெல்லாம் அவுக படுக்கிற ரூம்லதான் அடுக்கிக் கெடக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

பாஸ்கா நாடகத்துக்கு நீ வரைந்த படுதா கோவிலுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. அதில் அணுகுண்டு விழுந்து நம் பள்ளத்தாக்கே சாம்பலாய்க் கிடக்கிறது. கருகின பந்தல், வற்றின ஆறு, மலையில் ஒரு மரமில்லை. ஏசு உயிர்த்தெழுகிற காட்சிக்கு இதுவா என்று சாமியார் கேட்டதற்கு, "இந்தக் காலத்துக் கல்லறை இதுதான் சாமி. சாம்பலுக்குள்ள இருந்து பச்சை கெளம்புறதையும் போடுறேன், பொறுங்க" என்றாய். அந்தப் பச்சையைப் போடுமுன் உன் வீட்டுக்காரி கிளாராவைப் புதைத்தோம். மறுவாரம் நீ போய்விட்டாய். அடியில் ஒரு முழம் வெள்ளைத்துணி மிச்சமிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கம்மாள் தினமும் வந்து படுதாவைப் பார்த்து, "ஊரையே எரிச்சுப்புட்டாரே ஒந்தம்பி, எம் வீட்டையாச்சும் விட்டிருக்கக் கூடாதா?" என்று சிரிப்பாள். நேற்று சிரிக்கவில்லை. "அந்தத் தம்பி வந்துருமாடி, மேரி?" என்றாள்.

நாடகக் கமிட்டிக்காரர்கள் கம்பத்திலிருந்து போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் நான் படுதாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். "இது எந்தம்பி போட வேண்டிய பச்சை" என்றேன். பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனி வரை பொறுப்பதாகச் சாமியார் சொல்லியிருக்கிறார்.

தம்பி, அங்கே வேறு வேலை கேள். அந்த மருந்து டப்பாக்களோடு படுக்காதே, வெளியே ஜீப் ஷெட்டில் படு. வர மனமில்லையென்றால் வர வேண்டாம், நான் கோபப்பட மாட்டேன். படுதாவில் அந்த ஒரு முழம் வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எழுதவும் முடியவில்லையென்றால், வெறும் கவரில் நம் வீட்டு விலாசத்தை மட்டும் எழுதிச் சுருளியாண்டியிடம் கொடு. எனக்குப் படிக்கத் தெரியாது. உன் கையெழுத்தைத் தெரியும்.

வியாகுல மாதா உன் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கட்டும்.

உன் அக்கா
லூர்து மேரி