வெட்டுமேட்டுப் பலகை

மச்சான்,

இன்றைக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ரெண்டாங்கிளாஸோடு நின்றுவிட்டு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கே அது கோணல் என்று தெரிந்தது. நீ இருந்திருந்தால் அவன் பிரஷ்ஷைப் பிடுங்கியிருப்பாய்.

எந்த ஊருக்குப் பலகை எழுதப் போனாலும், பெயர் எப்படி வந்தது என்று கேட்காமல் நீ டப்பாவைத் திறக்க மாட்டாய். வெள்ளைக்காரன் நட்ட கல்லில் ஒரு மாதிரி இருக்கும், ரேஷன் கார்டில் இன்னொரு மாதிரி இருக்கும். "நான் எழுதறதுதான் மச்சான் நெலைக்கும்" என்பாய். அந்தத் திமிருக்குத்தான் வெட்டுமேட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

அது எழுபதுகளின் கடைசி. எந்தக் காலத்திலோ ஏரித் தண்ணீருக்காக ஓர் அண்ணன் தன் தம்பியை வெட்டிச் சாய்த்த மேடு, அதனால் வெட்டுமேடு என்றார்கள். தம்பி வம்சம் கீழத்தெரு, அண்ணன் வம்சம் மேலத்தெரு. அன்றிலிருந்து அந்த மேட்டில் யாரும் இரும்போடு ஏறுவதில்லை; அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். பெயர்க் கதையைச் சொன்னவர்கள் இதை நம்மிடம் சொல்லவில்லை. பலகை நட, கடப்பாரையோடு ஏறிவிட்டோம்.

மேலத்தெரு ஆட்கள் வந்து நல்லமேடு என்று எழுதச் சொன்னார்கள். வெட்டுமேடு என்றாலே யாரும் பெண் எடுக்க வருவதில்லையாம். அவர்களில் ஒருவருடைய மகளுக்கு நிச்சயமான கல்யாணமே நின்றுபோயிருந்தது. செத்தவனுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பெயர்தான், அதையும் துடைப்பீர்களா என்று கீழத்தெரு எகிறியது. நீ பாட்டுக்கு 'வெ' போட ஆரம்பித்தாய். முதல் கல் டப்பாவில் விழுந்தது.

அப்புறம் மண்டை மண்டையாக உடைந்தது. ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பினான். ஒருவனைக் கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்கி ஏரிக்குள் இழுத்துப் போனார்கள். நீ மல்லாந்து கிடந்தாய், முகமெல்லாம் கறுப்புப் பெயிண்ட், பார்க்கக் காக்காய் மாதிரி. மகள் கல்யாணம் நின்றவர் நம் கடப்பாரையை எடுத்தார். அந்த மேட்டில் இருந்த இரும்பு அது ஒன்றுதான். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். உதைத்த உதையில் என் முன்பல் போயிற்று.

"அழிச்சிட்டு நல்லமேடுனு எழுதறியா இல்லியா?"

"நீங்க அடிச்சி கொன்னுட்டா அது எப்டிங்க நல்லமேடு ஆவும்?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன, மச்சான்? கடப்பாரை இறங்கியது. உன் வலது மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கையிலிருந்த இரும்பைப் பார்த்தார், நிற்கிற மேட்டைப் பார்த்தார். அப்படியே குந்தித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அடித்துக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பெயரை மாற்றச் சொல்லி அதன்பிறகு மேலத்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வலது கை எலும்பு கூடாமலே போக, நீ இடது கையால் வெட்டுமேடு என்று எழுதி முடித்தாய். அந்தக் கையாலேயே பல வருஷம் சம்பாதித்தாய், என்னோடு வம்பு வளர்த்தாய், போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய்.

இன்றைக்கு அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. ஏன் இந்தப் பெயர் என்று அவள் கேட்டாள்.

"போர்டு எழுத வந்தவன இங்கதான் வெட்டிப் போட்டானுங்களாம். அதான் வெட்டுமேடு."

அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. உன்னை அந்த மேட்டிலேயே சாகடித்துவிட்டார்கள், மச்சான். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் மேட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். எனக்கு மனசு வரவில்லை.

"பாவம். அவரு பேரு இன்னா?" என்று கேட்டாள்.

நான் குறுக்கே புகுந்து சொன்னேன், உன் அப்பா பெயரையும் சேர்த்து.