சாவி கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்னிரவு

மாசி, சனிக்கிழமை. பலெர்மோ.

நாளை காலை கோயில் சாவியைத் தட்டில் வெற்றிலையோடு வைத்து, தலைவர் தேர்தலில் என்னை வென்ற குணத்திடம் கொடுக்க வேண்டும். தோற்ற தலைவர் வென்றவருக்குச் சபை முன்னால் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்த நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் நானும் அவனும்தான் அந்த வழக்கத்தை உண்டாக்கினோம். கோயிலை நான் என் வீடாக்கிவிட்டேன் என்று தேர்தல் கூட்டத்தில் அவன் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

அதனால்தான் நாளை நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பறிக்கும் கூலி வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். விடியுமுன் வேலையாட்களை ஏற்றும் வான் வண்டி வரும். சாவியை மனைவி கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

இரவுச் சாப்பாட்டில் மகள் அபி பள்ளிப் பாடத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

"அப்பா, அமெரிக்காவிலை ரெண்டாவது ஜனாதிபதியும் மூண்டாவது ஜனாதிபதியும் முதல்லை நல்ல கூட்டாளியள். பிறகு எலெக்சன்லை பெரிய சண்டை. தோத்தவர், மற்றவர் பதவி ஏற்கிறதைப் பாக்காமல் விடியக்காலமையே வண்டியேறிப் போட்டாராம்."

"அவருக்கு ஏதும் வேலை இருந்திருக்கும்," என்றேன்.

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வேலை ஒண்டும் இல்லையப்பா. நாட்டுக்கு எவ்வளவோ செய்தவர் எண்டு டீச்சர் சொன்னவ. ஆனா எங்கடை புத்தகத்திலை இது மட்டும்தான் கிடக்கு."

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன். கைபேசியில் அலாரத்தை நிறுத்தினேன், திரும்ப வைத்தேன். இப்போது வேலைக் காற்சட்டையைத் தேடினால் எங்கும் காணவில்லை. கதிரையில் மனைவி இஸ்திரி போட்டு வைத்த வேட்டி மட்டும்தான் கிடக்கிறது.